ஆறாவது கெப்பாசிட்டர்

ஜூன் 8, ஞாயிறு

மனைவி கோகிலா வெள்ளிக்கிழமை புனேக்குக் கிளம்பிப் போனாள். மகளுக்கு ஜூலை முதல் வாரம் பிரசவம். ஆகஸ்ட் பாதிவரை வீட்டில் நான் மட்டும்தான். சாப்பாட்டு மேசையில் என்ன பரப்பிவைத்தாலும் கேட்க ஆள் இல்லை. பன்னிரண்டு வருடமாக மாடிப்படிக்கு அடியில் கிடந்த ஆம்ப்ளிஃபையரைப் பக்கத்து வீட்டு டிரைவரும் நானுமாகத் தூக்கி மேசைமேல் வைத்துவிட்டோம். முப்பத்தெட்டு கிலோ. வால்பாறையில் எஸ்டேட் மேலாளராக இருந்த, என்னைப் போலவே வீட்டில் ரேடியோ நிலையம் வைத்திருந்த ஒரு ஹாம் ஊரைவிட்டுப் போகும்போது எனக்குக் கொடுத்துவிட்டுப் போனது. அமெரிக்காவில் செய்தது, என் பள்ளிக்கூடக் காலத்துச் சரக்கு.

எதற்கு இப்போது இது என்றால், நாலைந்து மாதமாக நான் மோர்ஸில் யாரை அழைத்தாலும் 'மறுபடி அனுப்பு' என்கிறார்கள். போன ஞாயிறு தூத்துக்குடி ஞானதுரை என் செய்தியை மூன்று முறை திருப்பிக் கேட்டார். இருபது வருட நண்பர், என் தட்டலைத் தூக்கத்திலும் படிக்கக்கூடியவர். என் ரேடியோவின் நூறு வாட் இப்போது போதவில்லை. காற்றில் இரைச்சல் கூடிவிட்டது. இந்தப் பெட்டி வேலை செய்தால் நானூறு வாட் போகும். பிறகு எவனும் திருப்பிக் கேட்கமாட்டான்.

மூடியைத் திறந்தேன். வால்வுக் குழாய்கள் நன்றாக இருக்கின்றன. பவர் சப்ளைதான் செத்துப்போயிருக்கிறது. வீட்டு மின்சாரத்தை இரண்டாயிரத்து எண்ணூறு வோல்ட்டாக ஏற்றிக்கொடுக்கும் பகுதி அது. டிரான்ஸ்ஃபார்மரின் சுற்று கருகியிருக்கிறது. கெப்பாசிட்டர்கள் எட்டும் உப்பி, அடியில் வெள்ளையாகப் பூத்திருக்கின்றன. எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். வேலை தீரும்வரை குறிப்பெழுத இந்த நோட்டு.

ஜூன் 10, செவ்வாய்

டிரான்ஸ்ஃபார்மரைச் சுல்தான் பாயிடம் கொடுத்தேன். பொள்ளாச்சியில் பாதிக் கிணற்று மோட்டார்களுக்கு அவர்தான் காயில் கட்டுகிறார். எத்தனை சுற்று, என்ன கம்பி எல்லாம் சீட்டில் எழுதிக்கொடுத்துவிட்டு வந்தேன். பத்து நாள் கேட்டிருக்கிறார்.

கிளினிக்கில் என் மேசையின் கால் ஆடுகிறது. மருந்துச்சீட்டு எழுதவே முடியவில்லை. அட்டை மடித்துக் காலடியில் வைக்கச் சொன்னேன். வசந்தாமணி குனிந்து பார்த்தாள், மேசையை அசைத்துப் பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் அட்டையை வைத்தாள். பத்தொன்பது வருடமாக என்னிடம் உதவியாளராக இருக்கிறவள். சொன்னதைச் செய்வாள்.

ஜூன் 14, சனி

சென்னையிலிருந்து பார்சல் வந்தது. புதிய கெப்பாசிட்டர்கள் எட்டு, டயோடுகள், ரெசிஸ்டர்கள். மதியம் ஒன்றரையிலிருந்து நாலரைவரை கிளினிக் மூடியிருக்கும், அதுதான் என் வேலை நேரம். இன்று மூன்று மணி நேரத்தில் நாலு இணைப்பு. சால்டரிங் அயர்னின் முனை மழுங்கியிருக்கிறது. ஈயம் சேர வேண்டிய இடத்தில் சேராமல் பக்கத்தில் போய் உருள்கிறது. விரலில் ஒரு கொப்புளம்.

ஜூன் 15, ஞாயிறு

புது அயர்ன் வாங்கினேன். இதுவும் சரியில்லை.

ஜூன் 17, செவ்வாய்

மோசமான நாள். சுகந்தி டீச்சர் வந்திருந்தார், கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு கேப் போட. பல்லைச் செதுக்கிக்கொண்டிருக்கும்போது டிரில் நழுவிக் கன்னத்தின் உட்புறம் கிழிந்துவிட்டது. மூன்று தையல். அவர் அசைந்துவிட்டார். வாயில் டிரில் இருக்கும்போது அசையவே கூடாது என்று எத்தனை முறை சொன்னாலும் கேட்பதில்லை. அதைத்தான் அவரிடமும் சொன்னேன். பாவம், பஞ்சைக் கடித்துக்கொண்டே மன்னிப்புக் கேட்டார்.

ஊசியில் நூல் கோத்துக்கொடுத்தது வசந்தாமணி. பிறகு சாயங்காலம்வரை அவள் என்னிடம் பேசவில்லை. அவளுக்கு வீட்டில் ஏதோ பிரச்சினை போல.

ஜூன் 22, ஞாயிறு

சுல்தான் பாய் டிரான்ஸ்ஃபார்மரை அனுப்பிவிட்டார். வேலை சுத்தம், வார்னிஷ் மணக்கிறது. ஆனால் அளந்தால் கணக்கு உதைக்கிறது. பத்து வோல்ட் கொடுத்தால் எண்பத்தேழு வர வேண்டும். நூற்றுப் பன்னிரண்டு வருகிறது. இப்படியே முழு மின்சாரம் கொடுத்திருந்தால் மூவாயிரத்து அறுநூறு வோல்ட் ஏறி எல்லாக் கெப்பாசிட்டரும் வெடித்திருக்கும்.

கோபத்தோடு ஸ்கூட்டரில் போனேன். ஞாயிறென்றும் பார்க்காமல் அவரைக் கடைக்கு வரவழைத்தேன். 2110 சுற்று கேட்டால் 2710 சுற்றியிருக்கிறார். அவர் பதறவில்லை. கல்லாவுக்குள்ளிருந்து என் சீட்டை எடுத்து முன்னால் வைத்தார்.

"நீங்களே படிங்க சார். ஏழுன்னுதான இருக்கு?"

பார்த்தேன். ஏழு மாதிரியும் இருந்தது. அவசரத்தில் எழுதியிருப்பேன், அல்லது ஸ்கூட்டர் சீட்டின்மேல் வைத்து எழுதியிருப்பேன். சந்தேகம் இருந்தால் ஃபோன் செய்து கேட்டிருக்கலாம் அல்லவா என்றேன். டாக்டர் கையெழுத்தென்றால் எல்லாம் அப்படித்தானே என்று விட்டுவிட்டாராம். பிரித்துக் கட்ட இன்னும் இரண்டு வாரம்.

ஜூன் 25, புதன்

பேனாவை மாற்றியிருக்கிறேன். இந்த நோட்டின் தாளும் மட்டம், ஒரு வரியில் அடங்கவேண்டியது இரண்டு வரிக்குப் போகிறது.

ஜூன் 29, ஞாயிறு

டயோடு வரிசை முடிந்தது. கெப்பாசிட்டர் பலகையில் பதினாறு இணைப்பில் பத்து. மேசையில் விளக்கைச் சாய்த்துவைத்து, முழங்கையை டிக்ஷனரிமேல் ஊன்றிக்கொண்டால் கொஞ்சம் பரவாயில்லை.

காலையில் ரேடியோவில் ஞானதுரை. இரண்டு முறை திருப்பிக் கேட்டுவிட்டு, வானிலை சரியில்லை, அடுத்த வாரம் பார்ப்போம் என்று முடித்துக்கொண்டார். இங்கே மழைதான், ஆனால் அவர் ஒலி எனக்கு மணி அடித்த மாதிரி கேட்கிறது. என்னுடையதுதான் அங்கே போய்ச் சேரவில்லை. சீக்கிரம் முடிக்க வேண்டும்.

ஜூலை 6, ஞாயிறு

பேத்தி பிறந்திருக்கிறாள். தாயும் சேயும் நலம். வீடியோவில் காட்டினார்கள், துணிக்குள் சிவப்பாக ஒரு முகம். கோகிலா சிரித்துக்கொண்டே, "ஃபோன ஏனுங்க இப்படி ஆட்டறீங்க, கண்ணு வலிக்குது" என்றாள். நெட்வொர்க் சரியில்லை என்றேன். பிறகு ஃபோனைச் சர்க்கரை டப்பாமேல் சாய்த்துவைத்துப் பேசினேன்.

டிரான்ஸ்ஃபார்மர் வந்துவிட்டது. எண்பத்தேழு. சுல்தான் பாய்க்கு இனிப்பு கொடுத்தனுப்பினேன்.

ஜூலை 13, ஞாயிறு

இன்றைக்குப் பெட்டிக்கு மின்சாரம் ஏற்றினேன்.

எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தேன். ரப்பர் பாய் விரித்து, இடது கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு, வலது கையால் மட்டும், வோல்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டும் வேரியாக்கைத் திருகினேன். இரண்டு கையும் உள்ளே போனால் மின்சாரம் நெஞ்சு வழியாகப் போகும், அதனால் அந்த வழக்கம். ஐநூறு வோல்ட். ஆயிரம். ஒவ்வொரு நிலையிலும் பத்து நிமிடம் காத்திருந்தேன். மூன்று மணிக்கு முள் இரண்டாயிரத்து எண்ணூறில் நின்றது. ஐந்து வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தேன் என்று நினைக்கிறேன். ஞானதுரைக்கு ஃபோன் செய்யலாம் என்று எழுந்தேன்.

முள் அங்கே நின்று ஏழு நிமிடம்தான் ஆகியிருந்தது. துப்பாக்கி சுட்ட மாதிரி ஒரு சத்தம். ஆறாவது கெப்பாசிட்டர் வெடித்து, அதன் உள்காகிதம் பஞ்சு பஞ்சாக மின்விசிறிக் காற்றில் பறந்தது. அழுகிய மீன் நாற்றம். எழுந்து நின்றதால் முகம் தப்பியது.

சென்னைக் கடைக்காரரைப் பிடித்துச் சத்தம் போட்டேன். போலிச் சரக்கை விற்கிறாய் என்றேன். எட்டில் ஏழு நன்றாக இருக்கும்போது ஒன்று மட்டும் எப்படிப் போலியாகும் என்று நிதானமாகக் கேட்டார். வைத்துவிட்டேன்.

ஜூலை 16, புதன்

ஞானதுரையிடம் ஃபோனில் சொன்னேன். அனல்மின் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், என்னைவிட விவரம் தெரிந்தவர். கெப்பாசிட்டரை விடுங்கள், அதன்மேல் போட்ட ரெசிஸ்டரைப் பாருங்கள் என்றார்.

ஒவ்வொரு கெப்பாசிட்டருக்கும் குறுக்கே ஒரு ரெசிஸ்டர் உண்டு. எட்டும் வோல்ட்டைச் சமமாகப் பங்குபோட்டுக்கொள்ள அது வேண்டும். அணைத்த பிறகு உள்ளே தேங்கியதை வடியவைப்பதும் அதுதான். ஆறாவதைப் பார்த்தேன். ரெசிஸ்டரில் குறையில்லை. விரலால் லேசாகத் தூக்கியதும் ஈயத்திலிருந்து கழன்று வந்துவிட்டது. டிரை சால்டர். ஈயம் மேலே உட்கார்ந்திருக்கிறது, கம்பியைப் பிடிக்கவே இல்லை. ஆறும்போது கம்பி அசைந்தால் அப்படி ஆகும்.

ஞானதுரைக்கு மறுபடி ஃபோன் செய்து அதைச் சொன்னேன். அது வெடித்ததே நல்லதாகப் போயிற்று என்றார். வெடிக்காமல் இருந்திருந்தால், நான் அணைத்துவிட்டு வடிந்திருக்கும் என்று நம்பிக் கையை வைத்திருப்பேன்.

மற்ற பதினைந்தையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன். இன்னும் ஐந்து கழன்றன.

ஜூலை 17, வியாழன்

ஈயம் பழசு. அதுதான் காரணம்.

ஜூலை 19, சனி

வசந்தாமணி வங்கிக்குப் போயிருந்தபோது ஒரு நோயாளியின் தேதி பார்க்க அப்பாயின்ட்மென்ட் நோட்டைப் புரட்டினேன். ஒரு மாதமாக என் பக்கத்தில் பல் பிடுங்குவது ஒன்றுகூட இல்லை. வேர் சிகிச்சை இல்லை. கிளீனிங், பரிசோதனை, செட் பல் அளவு. அவ்வளவுதான். மழைக்காலம், ஆட்கள் குறைவு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஓரத்தில் பென்சிலால் சிறு சிறு அம்புக்குறிகள். பல்லடம் ரோட்டில் புதிதாக கிளினிக் வைத்திருக்கும் பெண் டாக்டரிடம் அனுப்பியிருக்கிறாள். இருபத்தொரு பேரை.

வந்ததும் கேட்டேன். என் கிளினிக்கை மூட நீ யார் என்று கேட்டேன். இன்னும் என்னென்னவோ கேட்டேன், எழுதக் கூசுகிறது. அவள் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றாள்.

"சுகந்தி டீச்சர் அசையலீங்க டாக்டர்."

நான் அப்பாயின்ட்மென்ட் நோட்டை மூடினேன்.

"நாந்தானுங்க தலையப் புடிச்சிட்டு இருந்தேன். அவங்க அசையவே இல்லீங்க. உங்க கைதானுங்க போச்சு. பொங்கலுக்கு முன்னாடியிருந்தே நடுங்குது. நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

நாளையிலிருந்து வர வேண்டாம் என்றேன். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமைங்க என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஜூலை 20, ஞாயிறு

பேட்டரி கடிகாரத்துக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீரைக் கையில் நீட்டிப் பிடித்தேன். ஒரு நிமிடம். மேசையைத் துடைத்தேன்.

ஜூலை 21, திங்கள்

ஒன்பது மணிக்கு வசந்தாமணி வழக்கம்போல வந்தாள். கருவிகளை வேகவைத்தாள். மேசைக் காலடியில் இருந்த அட்டையை நானே எடுத்துக் குப்பையில் போட்டேன். மேசை ஆடவில்லை.

ஜூலை 26, சனி

ஐந்து நாள் யோசித்துவிட்டு இன்று வசந்தாமணியிடம் கேட்டேன். கெப்பாசிட்டர் பலகையை கிளினிக்குக்குக் கொண்டுவந்தால் மதிய இடைவேளையில் ஈயம் வைத்துத் தருவாயா என்று. அவள் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெடித்த ஆறாவதுக்குப் பதில் புதியது ஒன்று வாங்கியிருந்தேன். பழைய இணைப்பு பதினாறையும் நான் ஈயம் உறிஞ்சி எடுத்துவைத்திருந்தேன், அதற்கு நடுங்கினாலும் பாதகமில்லை. முதலில் கம்பியைச் சூடாக்கு, பிறகு ஈயத்தைக் காட்டு, ஆறும்வரை தொடாதே என்று சொன்னேன். மூன்றாவது இணைப்பிலேயே அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. பல்லுக்கு சிமெண்ட் வைப்பதைவிட இது சுலபம், எச்சில் ஊறாது என்றாள். நாற்பது நிமிடத்தில் பதினாறும் முடிந்தது. ஒவ்வொன்றும் மழைத்துளி மாதிரிப் பளபளவென்று இருந்தது.

எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். நான் ஆறு வாரம் மல்லுக்கட்டிய வேலை அது. பலகையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, நன்றி என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஒன்றரை மணி நேரம் இரண்டாயிரத்து எண்ணூறில் அசையாமல் நின்றது. அணைத்தால் ஒன்றரை நிமிடத்தில் சுத்தமாக வடிகிறது. குழாய்களைப் பொருத்தினேன். பத்து மணிக்கு ஞானதுரையை அழைத்தேன், முழுச் சக்தியில்.

கை விஷயம் எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் ஒரு நப்பாசை. டிரில் வேறு, மோர்ஸ் சாவி வேறு. இது நாற்பது வருடப் பழக்கம், விரலுக்குள் ஊறியது. இதில் குறை சக்தியில்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

இரண்டு வரி அனுப்பினேன். மறுபடி அனுப்பு என்று வந்தது. அனுப்பினேன். மறுபடி. மூன்றாவது முறைக்குப் பிறகு ரேடியோ மௌனமாகிவிட்டது. ஃபோன் அடித்தது.

"சார், ஒண்ணு சொல்லுதேன், தப்பா எடுத்துக்கிடக் கூடாது" என்றார் ஞானதுரை. "சத்தம் வீட்டையே அதிர வைக்கி. சத்தத்துல ஒரு கொறையும் இல்ல. எழுத்துதான் வெளங்கல. ஒரு புள்ளி வைக்க வேண்டிய எடத்துல மூணு விழுது."

எவ்வளவு நாளாக என்று கேட்டேன்.

"ஜனவரியிலேருந்து இருக்கும். வானில, அது இதுன்னு நானும் சாக்குச் சொல்லிட்டேன். எப்படி சார் உங்கட்ட சொல்ல?"

இரண்டு மாதம். இரண்டு முறை கட்டிய டிரான்ஸ்ஃபார்மர், வெடித்த கெப்பாசிட்டர், சண்டை போட்ட மூன்று பேர். குறை இல்லாத இடத்தில் பழுது பார்த்திருக்கிறேன். முன்பு என் நடுக்கம் தூத்துக்குடிக்கு மெதுவாகக் கேட்டது. இப்போது உரக்கக் கேட்கிறது. பெட்டியை எட்டி உதைக்கலாம் போல வந்தது. முப்பத்தெட்டு கிலோ, என் கால்தான் போகும்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பள்ளிக்கூடம் விட்ட பிறகு சுகந்தி டீச்சர் வீட்டுக்குப் போனேன். வீட்டுக்காரர் இல்லை. என்னைப் பார்த்ததும், தையல் ஆறிவிட்டது, பணமெல்லாம் பாக்கி இல்லையே என்று குழம்பினார். காபி கொடுத்தார். பாதி டம்ளர்தான் ஊற்றியிருந்தார், அதையும் இரண்டு கையால் பிடித்துக் குடித்தேன். அவர் பார்க்கட்டும் என்றுதான்.

"அன்னைக்கு நீங்க அசையல டீச்சர். அசைஞ்சது என் கை. பழிய உங்க மேல போட்டுட்டேன்."

என்னை மன்னித்துவிட்டதாகச் சொல்வார் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ. கன்னத்தைத் தடவிக்கொண்டே சொன்னார்:

"ஒன்றரை மாசமா ஸ்கூல்ல, வீட்டுல எல்லார்த்துகிட்டயும் என் தப்புன்னே சொல்லிட்டிருக்கேங்க டாக்டர். ஒரு பல்லுக்கு அசையாம உக்காரத் தெரியாதான்னு இவர் இன்னும் திட்டறார்."

அவரிடமும் நானே சொல்கிறேன் என்றேன். சரி, ஏழு மணிக்கு வந்துவிடுவார் என்றார். ஏழுவரை உட்கார்ந்திருந்து சொல்லிவிட்டு வந்தேன். அந்த மனிதர் என்னிடம் கோபப்படவில்லை. மனைவியைத்தான் பார்த்தார், உடனே பார்வையை மாற்றிக்கொண்டார்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

கோயம்புத்தூரில் நரம்பு மருத்துவரைப் பார்த்தேன். மூக்கைத் தொடச் சொன்னார், சுருள் வரையச் சொன்னார். நான் பயந்த பார்க்கின்சன் வியாதி இல்லையாம். இதற்கு எசென்ஷியல் ட்ரெமர் என்று பெயர், வெறும் கை நடுக்கம். உயிருக்கு ஒன்றும் இல்லை, மாத்திரையில் கொஞ்சம் குறையும், முழுதாகப் போகாது. என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

திரும்பும் வழியில் பல்லடம் ரோட்டுப் பெண் டாக்டரிடம் பேசினேன். வாரத்தில் மூன்று நாள் என் கிளினிக்கில் டிரில் வேலையை அவர் செய்வார். நோட்டில் வசந்தாமணி இனிமேல் பேனாவிலேயே எழுதிக்கொள்ளலாம் என்று சொன்னேன். சரிங்க என்றாள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

காலையில் கோகிலாவிடம் சொன்னேன். கை, டீச்சர், கெப்பாசிட்டர் எல்லாவற்றையும். பின்னால் குழந்தை அழுதுகொண்டிருந்தது.

"வலிக்குதுங்களா?" என்றாள்.

இல்லை என்றேன்.

"அந்தக் கைய வெச்சுட்டு ரெண்டு மாசமா தனியா கரண்டுல வேல செஞ்சீங்களா?"

அவள் குரல் உடைந்தது கோபத்தினாலா என்று தெரியவில்லை. வரும்வரை அந்தப் பெட்டியின் சுவிட்சைத் தொடக் கூடாது என்றாள். சரி என்றேன். சத்தியம் பண்ணச் சொன்னாள், பண்ணினேன். வியாழக்கிழமை ரயிலுக்கு டிக்கெட் போட்டுவிட்டாள்.

பத்து மணி ஆனது. ஞானதுரை காத்திருப்பார். மோர்ஸ் சாவியைக் கழற்றி மேசை இழுப்பறையில் வைத்தேன். ரேடியோவோடு வந்த மைக்கைத் தேடி எடுத்தேன், உறைகூடப் பிரிக்கவில்லை. பேசுவது ஒருபோதும் எனக்குப் பிடித்ததில்லை. நாற்பது வருடம் புள்ளியும் கோடுமாகவே தப்பித்துக்கொண்டவன். ஆம்ப்ளிஃபையருக்குப் போகும் கேபிளை விலக்கி, ஆன்டெனாவை நேராக ரேடியோவில் செருகினேன். வெறும் நூறு வாட்.

என் அழைப்புக்குறியைச் சொன்னேன். ஒரே தடவைதான் சொன்னேன்.

"நல்லா கேக்குது சார், பக்கத்துல ஒக்காந்து பேசுத மாதிரி இருக்கு" என்றார் ஞானதுரை.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேசையின் மறு பாதி முழுக்க அந்தப் பெட்டி உட்கார்ந்திருந்தது. பிறகு நாற்பது நிமிடம் பேசினோம். இருபது வருடப் பழக்கத்தில் அவருக்கு ஒரு தங்கை இருந்ததும், அவள் போன வருடம் தவறிப்போனதும் இன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.